பத்து வெள்ளி நோட்டுப் பூவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேமரன் மலைக்கும் கோப்பேங் பக்கத்துக்கும் கிளம்பும் தமிழ் நடைக்குழு நண்பர்களே,



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. விடியற்காலை பஸ், வழியில் பசியாற ஒரு கடை, மத்தியானத்துக்குள் உலகத்திலேயே பெரிய பூ, சாயங்காலம் தேயிலையும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு வீடு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கிய திட்டங்கள் சுற்றில் வர ஆரம்பித்துவிட்டன. போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஈப்போக்காரன் நான், உங்களில் சிலரோடு அதே பாதையில் நடந்தவன். போகிற இடத்தில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுக் கிளம்பினால் நல்லது என்று நினைக்கிறேன்.

ரஃப்லேசியாவை நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். 2012-இல் வந்த பத்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருப்பது அதுதான். பேராக்கின் பெலும் காட்டிலிருந்து 2003-இல் அறிவிக்கப்பட்டு, சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைப் பெற்ற இனம். மளிகைக் கடையில் நீட்டி, பெட்ரோலுக்கு நீட்டி, கசங்கிய அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். பூ இருக்கிறது. செடி எங்கே?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்து, பூவின் முன் குந்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்கூடக் கேட்பதில்லை. பூ தரையில் கிடக்கிறது. இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை. ஏதோ மண்ணிலிருந்து பிதுங்கியதுபோல இருக்கிறது, சரி, அடுத்தவருக்கு இடம் விடு. அவ்வளவுதான்.

செடி உங்கள் காலடியில் ஓடும் ஒரு கொடிக்குள் இருக்கிறது. டெட்ராஸ்டிக்மா என்று பெயர். திராட்சைக் குடும்பம், நாம் துவையல் அரைக்கும் பிரண்டைக்கும் உறவு. மரத்தைப் பற்றி உச்சிவரை ஏறும். அதன் தண்டும் வேரும் தரையில் இலைச்சருகுக்குள் புதைந்து நெடுந்தூரம் போகும். அதன் திசுவுக்குள்தான் ரஃப்லேசியா வாழ்கிறது. வாழ்கிறது என்றால், உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மெல்லிய இழைகளாக, பல இடங்களில் ஒரே ஒரு உயிரணு அகலத்தில். கொடியை வெட்டி வெறுங்கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் எது கொடி, எது விருந்தாளி என்று பிரித்துக் காட்டப் பழகிய கண் வேண்டும்.

நமக்குத் தெரிந்த மற்ற ஒட்டுண்ணிகளோடு இதைச் சேர்க்க முடியாது. மாமரத்துப் புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. தண்ணீரையும் தாது உப்பையும் திருடிக்கொண்டு சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். அம்மையார் கூந்தலுக்கு இலை கிடையாது, ஆனால் வேலியில் மஞ்சளாகப் படர்ந்து கிடக்கும் தண்டாவது கண்ணுக்குத் தெரியும். ரஃப்லேசியா அதையும் விட்டுவிட்டது. பூக்கும் நாள் வரை அது கொடிக்கு வெளியே இல்லவே இல்லை. எல்லா டெட்ராஸ்டிக்மாவுக்குள்ளும் அது நுழைவதும் இல்லை. அந்தப் பேரினத்தில் சில கொடிகளை மட்டுமே ஏற்கும்.

பசுங்கனிகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், ஒளியைப் பிடித்து உணவாக்கும் அந்தச் சிறு உறுப்பு. அதற்கென்று எல்லாத் தாவரத்திலும் தனி மரபணுத் தொகுதி ஒன்று உண்டு. ஒட்டுண்ணிகளில்கூடத் தேய்ந்துபோன மிச்சமாவது இருக்கும். பிலிப்பீன்ஸின் ரஃப்லேசியா ஒன்றில் அதைத் தேடியவர்களுக்கு 2014-இல் அப்படி ஒரு தொகுதி கிடைக்கவில்லை. இதே குடும்பத்தில் சப்ரியா என்ற தாவரம் இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலும் உண்டு. 2021-இல் அதன் மொத்த மரபணு வரிசையையும் படித்தார்கள். பூக்கும் தாவரங்கள் பொதுவாகக் கைவிடாத மரபணுக்களில் ஏறக்குறைய 44 சதவீதம் அதில் இல்லை. வேலை இல்லாத கருவியை எல்லாம் வீசிவிட்டது.

வீசியது மட்டும் இல்லை, எடுத்தும் கொண்டது. நீங்கள் கோப்பேங்கில் பார்க்கப் போகும் இனத்தையே எடுத்து ஹார்வர்டில் சார்லஸ் டேவிஸின் குழு ஆராய்ந்தது. கொடிக்குச் சொந்தமான மரபணுக்களில் சில டஜன் ரஃப்லேசியாவின் உடம்புக்குள் வந்து வேலை செய்துகொண்டிருப்பதை 2012-இல் அறிவித்தார்கள். சாப்பாடும் தண்ணீரும் கொடியிடம் வாங்குவது சரி. குணத்தையே வாங்கியிருக்கிறது. ஓர் உயிர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் எனக்குக் கை வராது.

இப்போது பூவுக்கு வருகிறேன்.

கொடியின் பட்டை ஓரிடத்தில் லேசாகப் புடைக்கும். மொட்டு உள்ளே உருவாகி, பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பருக்கும். பெரிய இனங்களில் ஒரு வருஷத்தை நெருங்கிவிடும். கடைசியில் செதில் செதிலாகப் போர்த்திய ஒரு முட்டைக்கோஸ் தரையில் கிடப்பதுபோல இருக்கும். வரும் மொட்டெல்லாம் பூவாவதில்லை. பாதிக்கும் மேலானவை நடுவிலேயே கறுத்து அழுகிவிடும். சிலவற்றை விலங்குகள் கடித்துவிடும், சில வெள்ளத்தில் போகும், சில காரணமே தெரியாமல் வாடும். தப்பியது ஓர் இரவில் இதழ் இதழாகப் பிரிந்து திறக்கும். ஐந்தாறு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அப்புறம் கறுத்துக் கூழாகிவிடும்.

அளவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் முகம் வாட வேண்டாம். ஒரு மீட்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சுமத்ராவின் ஆர்னல்டியும் அதை ஒட்டிய இனங்களும். 2020 ஜனவரியில் மேற்குச் சுமத்ராவின் மனிஞ்சாவ் பகுதியில் பூத்த ஒன்றை அளந்தபோது 111 சென்டிமீட்டர் இருந்தது. கோப்பேங்கில் பூக்கும் கான்ட்லேயி பொதுவாக அரை மீட்டரைச் சுற்றி. கேமரன் மலையை அடுத்த லோஜிங்கின் கெர்ரி அதைவிடப் பெரிது. பிலிப்பீன்ஸில் 2016-இல் அறிவித்த இனம் ஒன்று பத்து சென்டிமீட்டர்கூட எட்டாது, அதுவும் ரஃப்லேசியாதான். "பிணநாற்றப் பூ" என்று ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒன்றின் படத்தையும் இதோடு சேர்த்து அனுப்புகிறார்கள். அது வேறு. அதுவும் சுமத்ராக்காரிதான், ஆனால் சேனைக்கிழங்கின் உறவு. தனிப்பூவும் அல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்களைத் தாங்கிய கொத்து. யாரையும் அண்டிப் பிழைப்பதும் இல்லை. பூந்தோட்டங்களில் தொட்டியில் வளர்க்கிறார்களே, அது அந்தப் பூ.

பூவின் முன் நிற்கும்போது கைப்பேசியை ஒரு நிமிடம் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே பாருங்கள். செங்கல் நிறத்தில் ஐந்து தடித்த மடல்கள், மேலெல்லாம் வெளிறிய மருக்கள். நடுவில் ஒரு கிண்ணம். அதன் வாயைப் பாதி மூடியபடி ஒரு வளையம். கிண்ணத்தின் அடியில் தட்டு ஒன்று, அதன்மேல் முட்கள் நட்டதுபோல நீட்டல்கள். வேலை நடக்கும் இடம் அந்தத் தட்டின் விளிம்புக்கு அடியில். மேலே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. பூ ஆணா, பெண்ணா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கிறது.

நாற்றம் என்று பயப்படுகிறவர்களுக்கு: பத்தடி தள்ளி நின்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குனிந்தால் தெரியும், கெட்டுப்போகத் தொடங்கிய இறைச்சி. இது நமக்கான வாசனை அல்ல, பிண ஈக்களுக்கானது. நீலமும் பச்சையுமாக மின்னும் அந்த ஈக்கள் முட்டையிட இடம் தேடி வந்து கிண்ணத்துக்குள் இறங்குகின்றன. தட்டின் அடியில் பள்ளமாக ஓடும் தடங்களில் நுழைகின்றன. ஆண் பூவாக இருந்தால் அங்கே மகரந்தம் காத்திருக்கும். தூளாக அல்ல, பசையாக. நுழையும் ஈயின் முதுகில் அது அப்பிக்கொள்ளும், அங்கேயே காய்ந்து ஒட்டும். அந்த ஈ பறந்துபோய்ப் பெண் பூ ஒன்றில் அதே மாதிரித் தடத்தில் நுழைந்து முதுகை உரசினால் காரியம் முடிந்தது. 1988-இல் சபாவில் ஒரு குழு பூவருகே காத்திருந்து இதைப் பார்த்து எழுதியது. ஈக்கு இதில் தேன் கிடையாது, முட்டைக்குத் தகுந்த இறைச்சியும் கிடையாது. முழுக்க ஏமாற்று.

இதில் எத்தனை சந்தர்ப்பம் கூடிவர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டு மாதக்கணக்கில் பிழைத்திருக்க வேண்டும். ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் ஈ பறந்து எட்டும் தூரத்தில், அதே வாரத்தில் திறக்க வேண்டும். பல இடங்களில் ஒரு சமயத்தில் ஒரு பூதான் திறந்திருக்கும். அதனால் நாம் போய்ப் பார்க்கும் பூக்களில் பல, வாரிசே இல்லாமல் அழுகிப்போகிறவை. எல்லாம் கூடிவந்து கனி பிடித்தால் அது முற்ற மேலும் ஆறேழு மாதம். உள்ளே ஒரு மில்லிமீட்டரை எட்டாத விதைகள், ஆயிரக்கணக்கில். சபாவில் மர மூஞ்சூறு ஒன்றும் அணில் ஒன்றும் அந்தக் கனியைத் தின்றதை 1991-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பிலிப்பீன்ஸில் எறும்புகளும் விதையைத் தூக்கிப் போகின்றன. அந்தத் துளி விதை கொடிக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் காட்டில் யாரும் இதுவரை கண்ணால் கண்டதில்லை. இருநூறு வருஷமாக விஞ்ஞானத்துக்குத் தெரிந்த பூ இது.

விஞ்ஞானத்துக்குத் தெரிந்த என்று எழுதியதும் ஒரு பழைய கணக்கு ஞாபகம் வருகிறது. 1818 மே மாதம். சுமத்ராவின் பெங்குலு அப்போது ஆங்கிலேயர் கையில். ராஃபிள்ஸ் அங்கே ஆளுநர். அவரும் மனைவியும் மருத்துவர் ஜோசப் ஆர்னல்டும் மன்னா ஆற்றோரம் உள்நாட்டுப் பயணம் போகிறார்கள். கூட வந்த மலாய்ப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து, ஐயா வாருங்கள், பெரிய பூ, அதிசயம் என்று ஆர்னல்டை அழைத்துப்போய்க் காட்டுகிறார். ஒரு கஜம் அகலம், பதினைந்து பவுண்டு எடை. தனியாக இருந்திருந்தால் இந்த அளவை வெளியே சொல்லவே பயந்திருப்பேன் என்கிற பொருளில் ஆர்னல்ட் கடிதம் எழுதினார். அதே ஆண்டு காய்ச்சலில் இறந்தும் போனார். 1820-இல் லண்டனில் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அந்தப் பூவுக்குப் பெயர் வைத்தார்: ரஃப்லேசியா ஆர்னல்டி. ஆளுநருக்குப் பாதி, மருத்துவருக்குப் பாதி. இருபது வருஷம் முன்னாலேயே ஜாவாவில் இதன் இனம் ஒன்றைக் கண்ட பிரெஞ்சுக்காரர் டெஷாம் என்பவரின் குறிப்புகள் ஆங்கிலேயர் கையில் சிக்கியதால், அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கோப்பேங் இனத்துக்குப் பெயர் கொடுத்த கான்ட்லேயும் ஒருகாலத்தில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓடிவந்து காட்டிய அந்தப் பணியாளரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. உங்களை அழைத்துப் போகிறவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். படத்தைப் போடும்போது அதையும் சேர்த்துப் போட அவருக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள்.

உங்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. ரஃப்லேசியாவை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தாவரவியலாளர்கள் ரொம்ப காலம் தடுமாறினார்கள். இலை இல்லை, தண்டு இல்லை, ஒப்பிட எதுவும் இல்லை. மரபணுவைப் படிக்க முடிந்த பிறகு, 2007-இல் டேவிஸின் குழு விடையைச் சொன்னது: ஆமணக்குக் குடும்பத்தின் வழியில் வந்தது. ஆமணக்கு, மரவள்ளி, அப்புறம் பால்மரம். ஆம், நம் அப்பாவும் ஆத்தாவும் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மங்கு வைத்துச் சீவிய அதே மரம். பால்மரத்தின் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? சில மில்லிமீட்டர், சருகோடு சருகாக உதிர்ந்து கிடக்கும், யாரும் குனிந்து எடுத்ததில்லை. அப்படிச் சிறிய பூவுள்ள முன்னோர் வழியிலிருந்து, 4 கோடியே 60 லட்சம் ஆண்டுகளில் பூவின் குறுக்களவு எழுபது மடங்குக்கும் மேல் பெருத்திருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மூன்று தலைமுறை பால்மரத்துக்குக் கீழே வாழ்ந்துவிட்டு, அதன் உறவுக்காரியைப் பார்க்க டிக்கெட் போட்டுப் போகிறோம். எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பெருமையும்தான்.

இனி, சொல்ல மனம் இல்லாத ஒன்று.

ஒரு நடையில் நாங்கள் இருபது பேருக்கு மேல். பூ ஒரு சரிவில் இருந்தது. எல்லோரும் வரிசையாக ஏறி, பூவுக்குப் பக்கவாட்டில் ஒரு காலை ஊன்றிக் குந்தி, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பாதி வரிசை போனதும் எங்களை அழைத்து வந்த செமாய்ப் பழங்குடி இளைஞர், குந்தியிருந்த ஒருவரின் கணுக்காலை மெதுவாகத் தட்டிக் காலைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் மாறி மாறி ஊன்றிய அந்த இடத்தில், சருகுக்கு அடியில், நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தில் பழுப்பாக ஒரு மொட்டு. மேல் செதில் நசுங்கிப் பிளந்திருந்தது. அது இருந்த கொடியின் பட்டையும் செருப்புத் தடத்தில் உரிந்திருந்தது. அவர் திட்டவில்லை. சருகை மேலே தள்ளி மூடிவிட்டு, அடுத்தவரை வேறு பக்கம் நிற்கச் சொன்னார். எங்களில் யாருக்கும் அந்தக் கொடி கண்ணில் பட்டதே இல்லை. வேர் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆகவே, பூவைத் தொடாமல் வந்தேன் என்று சொன்னால் போதாது. பூ ஏறக்குறைய முடிந்த கதை. நாலு நாளில் அது எப்படியும் அழுகும். காப்பாற்ற வேண்டியது நீங்கள் நிற்கும் தரை. அங்கே ஓடும் கொடியில் அடுத்த வருஷத்துப் பூவும் அதற்கடுத்ததும் இழையாகக் கிடக்கின்றன. கொடியை நசுக்கினால் செடியையே நசுக்கினோம். சரவாக்கின் குனோங் காடிங் பூங்காவில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள்; பலகையில் நின்று பார், இறங்காதே. கோப்பேங்கிலும் லோஜிங்கிலும் பெரும்பாலும் வெறும் மண்பாதை. பலகையின் வேலையை நம் கால்களே செய்ய வேண்டும். முன்னால் போனவர் கால் வைத்த இடத்திலேயே வைப்பது, பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போகாமல் இருப்பது, படத்துக்காகக் கொடியையும் புதரையும் ஒதுக்காமல் இருப்பது, இவ்வளவுதான். இருபத்தைந்து பேர் வருகிறோம், தலைக்குச் செலவு குறையும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு வெள்ளி மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

ஒரு பூ போனால் வேறொன்றை நட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது. விதையை மண்ணில் போட்டால் முளைக்காது. கொடிக்குள் போக வேண்டும். இந்தோனேசியாவின் போகோர் தாவரத் தோட்டத்தில், ஏற்கெனவே ரஃப்லேசியா குடியிருந்த கொடித்துண்டை வேறு கொடியில் ஒட்டுக் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து, 2010-இல் பூக்க வைத்தார்கள். அதையே உலகம் அதிசயமாகப் பேசியது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, தெரிந்த 42 இனங்களில் 25 அழிவின் விளிம்பில் இருப்பதாகவும், அவை வாழும் இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்றும் சொன்னது. காடு காய்கறித் தோட்டமாகவும் செம்பனையாகவும் மாறுவதுதான் பெரிய காரணம், நம் செருப்பு அல்ல. லோஜிங் வழியாகப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்தே மொட்டையடித்த சரிவுகள் தெரியும். அதற்கு முன்னால் நம் பங்கு சிறிது. சிறிது என்பதால் இல்லை என்றாகிவிடாது.

மொட்டு விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் பக்மா என்று அழைக்கும் இதன் மொட்டைக் காயவைத்துப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. அது உடம்பைத் தேற்றும் என்பதை எந்த மருத்துவச் சோதனையும் நிரூபித்ததில்லை. உலு கெரோ போன்ற செமாய்க் கிராமங்களில் ஒருகாலத்தில் மொட்டைப் பறித்தும், ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தும் வியாபாரிகளுக்குக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். வியாபாரி கொடுத்தது சொற்பம். மலேசிய இயற்கைக் கழகம் அங்கே போய்ப் பேசி, பயிற்சி கொடுத்த பிறகு, பறித்த கைகளே வழிகாட்டும் கைகளாயின. சபாவின் போரிங் வெந்நீரூற்றுப் பக்கத்திலும் இப்படித்தான்: தங்கள் நிலத்தில் மொட்டு வந்தால் ஊர்க்காரர்கள் வேலி கட்டிக் காவல் காத்து, பூத்த அன்று சாலையில் பலகை வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள், காட்டுப் பூவுக்குக் காசா என்று. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பறித்து விற்ற மொட்டு ஒரு தடவைதான் காசு தரும். காடு நிற்கும்வரை, கொடி நிற்கும்வரை இது திரும்பத் திரும்பத் தரும்.

அதனால்தான் நம் குழுக்களில் நடக்கும் ஒரு பேரம் எனக்கு உறுத்துகிறது. "பூ இருந்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது." அறிவிப்புத் தாளிலேயே போடுகிறார்கள், பூ இல்லையேல் பணம் வாபஸ் என்று. வாபஸ் வரும் பணம் யாருடையது? பஸ்காரர் தன் வாடகையை விடமாட்டார். கடைக்காரர் தோசைக்காசைத் திருப்பமாட்டார். விழுவது வழிகாட்டியின் கூலியில். நேற்று மாலை திறந்திருந்த பூ, ராத்திரி மழையில் கறுத்துப்போனால் அவர் என்ன செய்வார்? பூ இருக்கும் நாளுக்கு மட்டும் கூலி என்று நாம் சொன்னால், பூ இல்லாத மாதங்களில் கொடியைச் சுற்றிப் பார்த்து, மொட்டை எண்ணி, வியாபாரியைத் திருப்பி அனுப்பிய வேலைக்கு யார் கொடுப்பது? அந்த மாதங்களில்தான் செடி பிழைக்கிறதா, சாகிறதா என்பது தீர்மானமாகிறது. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பூ இல்லாத நாளில் மொட்டையும் கொடியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அழுகிய பூ கிடந்தால் அதையும் பாருங்கள். தட்டின் அடிப்பக்கத்தை அவரே திருப்பிக் காட்டினால், ஆணா பெண்ணா என்று பிள்ளைகள் அன்றைக்கே கற்றுக்கொள்வார்கள். புதுப்பூவில் அந்த வாய்ப்பு கிடைக்காது.

பூ இருக்கும் இடத்தின் சரியான அடையாளத்தை, கைப்பேசி பதிந்து வைத்திருக்கும் ஆயத்தொலைவோடு, பொதுவில் போடாதீர்கள். கோப்பேங் என்று சொன்னால் போதும். காய்ந்த மொட்டை யார் நீட்டினாலும், எவ்வளவு மலிவாக நீட்டினாலும், வாங்காதீர்கள்.

கடைசியாக, பலரும் என்னிடம் கேட்கும் விஷயம்: கிளம்புவதற்கு முந்தின நாள் வழிகாட்டிக்குப் போன் செய்து பாதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் அவர் வேண்டாம் என்பார், அன்றைக்குப் போகாதீர்கள். நீளக் காலுறை போட்டு, கால்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டை ஏறினால் பதற வேண்டாம். நகத்தால் ஓரத்தைத் தள்ளி எடுத்து விட்டுவிடுங்கள், இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை ஒன்று பஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது நனையாதவர் யாரும் இருக்கமாட்டார்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஈப்போக்காரன்